நான்கு நிமிடம்

தனி ஊசல் சோதனைக்கு வாங்கிய நிறுத்துக் கடிகாரம்,
முதல்வர் மேசையிலிருந்து இரவல் வாங்கிய மணி.
இரண்டும் என் முன்னால்.
ஆளுக்கு நான்கு நிமிடம்.
மூன்றரையில் ஒரு தட்டு,
நான்கில் இரண்டு.
இயற்பியல் ஆய்வக உதவியாளருக்கு
இதைவிட வாய் திறக்கிற வேலையைத்
தேவகோட்டையில் எவரும் தந்ததில்லை.

பலகையில் தலைப்பை எழுதியவளும் நான்தான்:
அமைதிப் பணிக்குப் போன நம் படை
அங்கே நீடிக்க வேண்டும் / ஊர் திரும்ப வேண்டும்.
நடுவில் போட்ட சாய்கோடு
கொஞ்சம் நீண்டுவிட்டது.

யாருக்கு எந்தப் பக்கம் என்று
சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் வீட்டுக்காரர் பெயரும்
அப்படி ஏதோ ஒரு பட்டியலிலிருந்து விழுந்ததுதான்:
அவில்தார் சேவுகமூர்த்தி,
நீலத் தொப்பி, பதினோரு மாதம்.
இங்கே யாருக்கும் தெரியாது.
தெரிந்திருந்தால்
மைக்கை என் பக்கம் நீட்டியிருப்பார்கள்.

முதலில் உமையாள்.
"எங்கள் ஐயாவின் ஐயா
ரங்கூன் கிட்டங்கியில் கணக்கெழுதினார்.
நாற்பத்திரண்டில் காட்டு வழியே நடந்து வந்தார்.
அன்றைக்கு நடுவில் ஒரு படை நின்றிருந்தால்..."
நல்ல கைதட்டல்.
அந்தக் கிட்டங்கியில் சமைத்தவர்
எங்கள் பக்கத்து ஆளாக இருக்கலாம்.
அவரும் நடந்து முடித்தாரா என்பதற்கு
நான்கு நிமிடத்தில் இடமில்லை.

அமராவதிப்புதூர் எபினேசர் எழுந்தான்.
"அடுத்த வீட்டுச் சண்டையை விலக்கப் போனவனுக்குத்தான்
முதல் அடி.
கூப்பிட்டது அந்த வீட்டுக்காரரா,
தெருக்காரரா?"
ழகரம் அவனுக்கு வழுக்காமல் வந்தது.
நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கண்ணாடி போட்ட ஒருவன் சொன்னான்:
உலகச் சபையில் நிரந்தர நாற்காலிக்கு
இது நாம் கட்டும் முன்பணம்.
போன வாரம் வந்த படத்தில்
தோட்டாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
அவர் உட்கார்ந்திருந்தார்,
முழங்காலில் சாப்பாட்டுத் தட்டு.
முன்பணம்.
கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பது.
இன்னும் நிறையப் பேசலாம் அவன்.

கடைசியில் ரிஸ்வானா.
"தியாகம் தியாகம் என்கிறீர்கள்.
டாலரில் படி கொடுக்கிறார்கள்.
அதற்காகத்தான் போகிறார்கள்,
ஆனால்..."

தட்டிவிட்டேன்.
இரண்டு தட்டு.
மூன்று நிமிடம் பத்து வினாடியில்.

அவள் என்னைப் பார்த்தாள்.
விதியை மதிக்கிற பிள்ளை,
வணக்கம் சொல்லி இறங்கினாள்.
நான் பாதி எழுந்தேன்.
நேரமாகிவிட்டது என்று
நடுவர் கையமர்த்தினார்.

ரஸ்தா சாலையில் மூன்று சென்ட்.
ஜன்னல் மட்டம் வரை செங்கல்.
அதில் ஒவ்வொன்றும் அந்தப் படிதான்.
பொய் சொல்லவில்லை அவள்.
அதனால்தான் தட்டினேன்.

கோப்பை எபினேசருக்கு.
படை நீடிக்கலாமா என்று
எவரும் முடிவு சொல்லவில்லை,
கேசரி வந்துவிட்டது.
தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்துக் கேட்டேன்,
"ஆனால், அதுக்கப்புறம் என்னம்மா?"
கையைத் துடைத்தபடி யோசித்தாள்.
"மறந்துபோச்சு மேடம்.
நல்ல பாயிண்ட்."

ராத்திரி பத்தரைக்கு அவர் குரல்,
எப்போதும்போல் இரண்டு வினாடி பிந்தி.
அங்கே தண்ணீர் லாரிக்குக் காவலாம்,
குடத்தோடு நிற்கிற பெண்கள் வரிசை
நம்ம ஊர் மாதிரியே சண்டை போடுதாம்.
பிறகு சொன்னார்,
"இன்னும் ஆறு மாசம் இருக்க விருப்பமான்னு
எழுதிக் கேக்குறாங்க.
நாளைக்குள்ள குடுக்கணும்.
என்ன சொல்றே?"

பைக்குள் ஏதோ துடித்தது.
ஆய்வகத்தில் வைக்க மறந்த கடிகாரம்,
நிறுத்தவும் மறந்திருக்கிறேன்.
ஆறு மணி நேரம் சொச்சம்
யாருடைய பேச்சுக்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"வாசல் நிலைக்கு
இன்னும் மரம் சொல்லலை" என்றேன்.

ஒன்று.
இரண்டு.

"ம்" என்றார்.